அருவிக்கடியில் ஓர் இடம்

தென்காசி,
பகுதானிய வருஷம், ஆடி மாதம்.

சிரஞ்சீவி நாறும்பூநாதனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு நான், உன் அம்மா, தங்கை செண்பகவல்லி மூவரும் சுகம். நீ சுகமென்று எழுதுவது இந்தத் தடவை வேண்டாம். உள்ளதை எழுது.

பம்பாயிலிருந்து லீவில் வந்த உன் சிநேகிதன் முப்பிடாதி போய்விட்டான். தந்தி கொடுக்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன். தந்தியில் இதைச் சொல்ல முடியாது. வந்த அன்றே, நீ கொடுத்தனுப்பிய சேலையோடு நம் வீட்டுப் படி ஏறியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே சாரல், குளிர். அவன் முகமெல்லாம் வேர்வை. என்னலே என்றேன். வாயுதான் மாமா, மில்லுல எல்லாருக்கும் உள்ளதுதான், ஐந்தருவியில நெஞ்சைக் காட்டி நின்னா இறங்கிரும் என்றான். உங்க மவனும் நாலாம் மாடி ஏறதுக்குள்ள நடுப்படியில உக்காந்திருதான், அடுத்த மாசம் அவனும் குளிக்க வாரான் என்றும் சொன்னான். அதை நீ எழுதவில்லை.

மறுநாள் அவனோடு நானும் போனேன். சீசன் கூட்டம். தண்ணீருக்கடியில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். பாறையில் முதுகைச் சாய்த்து நெஞ்சில் தண்ணீரை வாங்கினான். என் காதில், நல்லா இறங்குது மாமா, உங்க மவனுக்கும் இந்த இடத்தைப் பிடிச்சு வையுங்க என்று கத்தினான். பிறகு பேசவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். செண்பகவல்லிக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி அவனிடம் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். அவனுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நின்ற ஆள், ஏ அண்ணாச்சி, உம்ம ஆளு அருவியைக் குத்தகைக்கு எடுத்துட்டாரா, நவுரச் சொல்லும் வே என்றான். முப்பிடாதி அதற்குச் சிரிப்பதுபோலவே இருந்தது. அந்த ஆள் அலுத்துப்போய் விலகினான். அவன் விட்ட இடத்தில் முப்பிடாதி சரிந்தான். அதுவரை கூட்டம்தான் அவனை நிறுத்தி வைத்திருந்தது. நான் எதுவரை உயிரோடிருந்தவனிடம் பேசினேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் வாயு இல்லை என்றார். நெஞ்சின் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், பனிபோன்ற தண்ணீர் மிச்சத்தை முடித்துவிட்டது என்றார். பீடி உண்டா, ராத்திரி ஷிப்டா, தினமும் கருவாடா, மில் மேஸ்திரி கெடுபிடியா என்று அவன் பெண்டாட்டி குருவம்மாளிடம் கேட்டார். அவள் சொன்ன ஒவ்வொன்றும் உன்னைப் பற்றியதாக இருந்தது. பம்பாயில் உங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே பீடிக்கட்டு. அவன் வலதுகையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று பிடித்தபடி இறுகியிருந்தன. தூக்கத்திலயும் அறுந்த நூலை முடிஞ்சிக்கிட்டே இருப்பாவ மாமா என்றாள் அவள். பிரிக்க முடியவில்லை. அப்படியே கொண்டுபோனோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் உடனே நெஞ்சைக் காட்டு. வாயு என்று நீயாகச் சொல்லாதே. பீடியை விடு. கீழ்த்தளத்தில் இடம் பார். பகல் ஷிப்டு கேள். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, நம் கடை இருக்கிறது. பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா செண்பகவல்லியை வாசிக்கச் சொல்லிவிடுவாள்.

குற்றாலநாதர் துணையிருக்க, நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ரயிலைவிட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வா. இங்கே சாரல் நிற்கவில்லை. நேற்று ஐந்தருவிப் பக்கம் போக வேண்டியிருந்தது. கூட்டம் நெருக்கியடித்துக் குளித்தது. பாறையோரம் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் யாரும் நிற்கவில்லை.

அதை நான் உனக்குப் பிடித்து வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
குற்றாலிங்கம்