உடம்புக்கு ஒன்றுமில்லையாம்

3 ஜூன் 1975, செவ்வாய்

மேகமூட்டம். தென்மலைப் பக்கம் கறுத்து நிற்கிறது, இறங்கத்தான் மனசில்லை. நாற்றங்காலில் நாற்று விரல் உயரம். பண்ணையாள் ஆறுச்சாமி தண்ணீர் கட்டினான். நான் வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்தபடி மேற்பார்வை. பண்ணையம் பார்க்கிற அழகு.

பாலக்காடு போய் வந்தாயிற்று. புது டாக்டர். ஐப்பசிக் காய்ச்சலுக்குப் பிறகு இவர் மூன்றாவது ஆள். பஸ்ஸில் ஓர் இடம் கிடைத்தது. நான் உட்கார்ந்தேன், என் சம்சாரம் ருக்மணி கொல்லங்கோட்டிலிருந்து நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டர் என் தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்தான். கடப்பாரை மாதிரி ஆள், பெண்டாட்டியை நிற்க வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தம், மூத்திரம், சளி ரிசல்ட் எல்லாம் பார்த்தார். “ஒண்ணுமில்லா. எல்லாம் நார்மல்.” பிறகு, “வீட்டில் எந்தெங்கிலும் மனோவிஷமம் உண்டோ?” என்றார். சீக்கு வருகிற வரைக்கும் ஒரு விசனமும் இல்லை, இப்போது சீக்குத்தான் விசனம் என்றேன். சிரிக்கவில்லை.

அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ருக்மணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம். உள்ளே அவர் குரல்தான் கேட்டது, இவள் குரலே இல்லை.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன சொன்னாரு?”

“சத்தா ஆக்கிப் போடச் சொன்னாருங்க.”

அதைச் சொல்லவா கதவைச் சாத்தினார்?

5 ஜூன், வியாழன்

நேற்றும் இன்றும் கட்டில். எதிர்பார்த்ததுதான். போன அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள், அதற்கும் மறுநாள் உடம்பு வசூல் பண்ணும். கை கால் எல்லாம் ஈரச்சாக்கு. கொப்புளிக்கச் சொம்பைத் தூக்கினால் முழங்கை நடுங்குகிறது. தூங்கி எழுந்தால் தூங்காத மாதிரி. வெளிச்சம் ஆகவில்லை. ஆறுச்சாமியின் ரேடியோ ஆகவில்லை.

இந்த டாக்டர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது பஸ் ஏற முடிகிற அன்றைக்கு. ஏற முடியாத அன்றைக்கு எவனும் பார்த்ததில்லை. பார்க்காததை இல்லை என்கிறார்கள்.

இதுவரை உள்ளே போனது:
லிவர் ஊசி. குத்தின இடம் வீங்கினதுதான் மிச்சம்.
இரும்பு டானிக். வெளிக்குப் போனால் மை மாதிரி.
பூச்சி மருந்து. பூச்சியே இல்லை.
வைத்தியர் கொடுத்த அரிஷ்டம். வாசனை நன்றாயிருந்தது.
நரம்புக்கு மஞ்சள் மாத்திரை. இதை நானே நிறுத்தினேன். தின்றாலும் இதே, தின்னாவிட்டாலும் இதே, நிறுத்தினதில் வாய் மட்டும் காயவில்லை.

புது ஆள் மாத்திரையே எழுதவில்லை. “நடக்கணும், பணி எடுக்கணும், கிடக்கருது.” கிடக்கக் கூடாதாம். கிடப்பது எனக்கென்ன ஆசையா?

களை எடுக்க வந்த பெண்கள் வாய்க்கால் ஓரம் பேசிக்கொண்டது: “செவ்வாக்கெழம பஸ்ஸேறிப் போனாரல்ல? அப்ப மட்டும் காலு வந்துருச்சாட்ட இருக்குது.” இன்னொருத்தி சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

மோரில் இன்று ஒரு கசப்பு. ருக்மணியைக் கூப்பிட்டு நீ ஒரு வாய் குடி என்றேன். என்னையே பார்த்தாள். குடித்தாள். “கருவேப்பல முத்திப் போச்சுங்க” என்றாள். இருக்கலாம்.

7 ஜூன், சனி

தூறல். பொள்ளாச்சியிலிருந்து மச்சான் வந்தார், ருக்மணியின் அண்ணன். சாத்துக்குடி ஒரு பை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலை அமுக்கிப் பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல.

“ஒடம்பு என்னமோ நல்லாத்தானுங்க மாப்ள இருக்குது.”

“அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க.”

“பேசாம யாருக்காச்சும் குத்தகைக்கு உட்ருங்களே.”

உங்கள் ஊரில் விடலாம் மச்சான், இங்கே கேரளாவில் பாட்டத்துக்கு விடச் சட்டமில்லை, விட்டவன் அப்புறம் கச்சேரிப் படி ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றேன். தெரியாதவர் மாதிரித் தலையாட்டினார். தெரியும் அவருக்கு. நானே பார்த்தால்தான் நிலம். இந்தப் போகம் நட்டுவிட்டேன் என்றால் ஊர் வாய் அடங்கும். ருக்மணிகூட நம்புவாள் ஒருவேளை. ஊர் நம்பாவிட்டால் போகிறது. இந்த வீட்டில் ஒரு ஆள் நம்பினால் போதும் எனக்கு.

சாப்பிடும்போது ஒரு கதை சொன்னார். “எங்கூர்ல ஒருத்தன் இப்படித்தானுங்க, வருசமாப் படுத்தே கெடந்தான். கூரச்சாளை தீப்புடிச்சுது பாருங்க, மொத ஆளா எந்திரிச்சு ஓடினவன் அவந்தான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ருக்மணி சிரிக்கவில்லை. குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

அப்புறம் அடுப்படியில் இரண்டு பேரும் குசுகுசு. நான் இருமினேன். நின்றுவிட்டது.

8 ஜூன், ஞாயிறு

நல்ல நாள். காரணம் தெரியாது. எழுந்ததும் தலை லேசு. வரப்பு மேல் நடந்து நாற்றங்கால் வரை போனேன். நாற்றைத் தடவிப் பார்த்தேன், பச்சை கையில் ஒட்டுகிற மாதிரி. ஒன்றிரண்டு புல் பிடுங்கினேன். ஆறுச்சாமி, “அடுத்த வாரம் போயி மறு வாரம் பறிச்சர்லாமுங்க” என்றான். அழுகை வந்துவிட்டது. குனிந்து புல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தேன்.

டாக்டர் சொன்னது சரியாக இருக்குமோ? நான்தான் படுத்துப் படுத்துக் கெட்டேனோ? இந்தச் சந்தேகம்தான் எல்லாவற்றையும்விட மோசம். மற்றவர்களைச் சந்தேகப்படும்போது நான் ஒருவனாவது என் பக்கம் இருக்கிறேன்.

ருக்மணி வாசலில் நின்று நான் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

12 ஜூன், வியாழன்

மழை இல்லை. எழுதக் கை வரவில்லை இதுவரை. இப்போதும் விட்டு விட்டுத்தான்.

ஞாயிறு வரப்பில் நடந்ததற்குத் திங்கள் ராத்திரியே கூலி கேட்டுவிட்டது. செவ்வாய் தலை தூக்க முடியவில்லை. மத்தியானம், ஆட்கள் போன நேரம். ராகி அரைக்க மில்லுக்குப் போகிறேன் என்று ருக்மணி போசியை எடுத்துக்கொண்டு போனாள். நான் கட்டிலில். ஏதோ சத்தம். திரும்பினால் கட்டுத்தரையில் கட்டியிருந்த எங்கள் இரண்டு எருமையும் நாற்றங்காலில்.

கத்தினேன். கத்தினதாக நினைத்தேன், குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வேப்பமரத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும் போயிருக்கிறேன். அங்கே முழங்கால் விட்டுவிட்டது. முகம் சேற்றில். கையை ஊன்றினால் கை இல்லை. தலையை ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எருமை அவசரப்படவே இல்லை. ஓரத்திலிருந்து வரிசையாகத் தின்றன.

ருக்மணி ஓடி வந்தாள், கம்போடு. அதற்குள் பாதி போய்விட்டது. மீதி குளம்பில் போனது.

ஆறுச்சாமிதான் தூக்கி வந்து போட்டான். ருக்மணி சேற்றைத் துடைத்துக்கொண்டே அழுதாள். நாற்றுக்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

13 ஜூன், வெள்ளி

கட்டுத்தரைக் கயிறுகளைக் கொண்டு வரச் சொன்னேன். அறுந்த கயிறு இல்லை. முளையும் பிடுங்கவில்லை. முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள், இரண்டையும்.

யார்?

ஆறுச்சாமி: மாட்டான். இந்த நாற்றை அவனல்லவா வளர்த்தான்.
பக்கத்துத் தோட்டத்துக்காரன்: போன வருஷம் தண்ணீர் முறையில் தகராறு. ஆனால் எங்கள் நாய் அன்றைக்குக் குரைக்கவில்லை.
மச்சான்: தீப்பிடித்த கதை சொன்ன ஆள். ஆனால் ஞாயிறே போய்விட்டார்.

நாய் குரைக்காத ஆள்.

மச்சானுக்கு ஒரு கார்டு எழுதச் சொல்லலாம் என்று ருக்மணியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். போசி மூலையில் இருந்தது. மூடியைத் திறந்தேன். ராகி, அரைக்காமல் முழுசாக.

மில்லிலிருந்து வருகிறவள் கிழக்கே இருந்து வர வேண்டும். அன்றைக்கு அவள் வந்தது மேற்கே மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து. சேற்றில் கிடந்தபடி பார்த்தேன். பார்த்தும் மூளையில் ஏறவில்லை.

14 ஜூன், சனி

விடியும்போது மழை பிடித்தது. நல்ல மழை. நட நாற்று இல்லை.

கேட்டேன். மறைக்கவில்லை.

“அவுத்து உட்டது நானுங்க.”

டாக்டர் சொன்னாராம், கதவைச் சாத்திக்கொண்டு. இது ஒடம்புச் சீக்கு இல்லை, நிஜமான ஒரு அவசரம் வந்தால் தானாக எழுந்து ஓடுவார், ஓடினார் என்றால் அவருக்கே நம்பிக்கை வந்துவிடும், அத்தோடு தீர்ந்தது என்று. எருமையை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை அவர். அது இவள் யோசனை. வேறு எதற்கு நான் எழுந்து ஓடுவேன் என்று இவளுக்குத்தானே தெரியும்.

“அண்ணனும் அதையேதான் சொல்லுச்சுங்க. நீங்க ஞாயித்துக்கெழம நடந்தீங்களா, நானும் நம்பிட்டனுங்க.”

“மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னயா?”

“ஆமாங்க.”

“நான் உழுந்ததப் பாத்தயா?”

“பாத்தனுங்க.”

கோபம் வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும். இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டேன். நம்பறனுங்க, நம்பறனுங்க என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு மாசமாக எதற்கு ஏங்கினேனோ அது இதுதான். கிடைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை.

“உழுந்ததும் ஏன் ஓடி வரல?”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எந்திரிச்சிருவீங்கன்னு நின்னனுங்க.”

இரண்டு எருமை பாதி நாற்றங்காலை மேய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.