சூடேற்றியும் மறையாத சிக்னல்

மார்ச் 4
கிடைத்துவிட்டது! மின்துடிப்பு கொடுத்தால் மின்தடை எகிறுகிறது. எதிர்த்திசையில் கொடுத்தால் இறங்குகிறது. எங்கள் படிகத்தில் ஓர் அடுக்கின் காந்தம் மேலே பார்த்தால் அடுத்த அடுக்கினுடையது கீழே பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லாததுபோல் இருக்கும். அந்த வரிசையை மின்சாரத்தால் புரட்டிவிட்டோம். இனி அதில் தகவல் எழுதலாம். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் தயார். பேராசிரியர் கைதட்டினார். டேப்பு மட்டும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். படிகத்தை ஒட்டுநாடாவால் அடுக்கடுக்காக உரித்துத் தருபவள் அவள். அந்தப் பெயரை வைத்தது நான்.

மார்ச் 6
கட்டுரை அனுப்பியாயிற்று. இப்போது வந்து கேட்கிறாள் டேப்பு: "ஏண்டி, இது காந்தமா, இல்ல வெறும் சூடா?"
மின்துடிப்பு படிகத்தைச் சூடாக்கும்; அந்தச் சூடே மின்தடையை மாற்றியிருக்கலாமாம். குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலே காந்த வரிசை கலைந்துவிடும். அங்கேயும் சிக்னல் வந்தால் அது காந்தமே இல்லை. அளந்து பார்க்க வேண்டுமாம். இவளுக்கு என்ன வந்தது?

மார்ச் 9
வந்தது. அச்சு அசலாக அதே சிக்னல்.
எல்லாம் போச்சு.

மார்ச் 10
அவளோடு பேசவில்லை.

மார்ச் 12
"யாரும் கேக்க மாட்டாங்கம்மா, விடு" என்றார் பேராசிரியர்.
"கேக்க மாட்டாங்க சார். ஆனா நமக்குத் தெரியுமே" என்றாள் டேப்பு.
ஜூனில் இவள் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். ஆனாலும் அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நான்? வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. மாலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றோம்.

ஏப்ரல் 17
புது வழி. படிகத்துக்குள் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குவதே இல்லை. மெல்லிய காப்புப் படலத்துக்கு அந்தப் பக்கமிருந்து மின்னழுத்தம் மட்டும். அதற்கு இரண்டே அடுக்கு வேண்டும். இன்றோடு முப்பத்தொரு துண்டு கிழிந்தாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டாவதை உரிக்கிறாள். என்ன கை அது!

மே 23
புரண்டது. இந்த முறை கத்தவில்லை. நானே வெப்பநிலையை ஏற்றினேன். சிக்னல் சுருங்கி, சுருங்கி, அடங்கியே போனது. அது அடங்கியதற்கு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம்! சத்தம் கேட்டு வந்த பேராசிரியர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு நீ சொன்னதுதாம்மா சரி" என்றார் அவளிடம்.

ஜூன் 11
டேப்புவுக்கு இன்னும் இரண்டு வருடம். கையெழுத்தாகிவிட்டது.

செப்டம்பர் 2
என் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எங்கள் தவற்றைப் பற்றிய அத்தியாயத்திலேயே நின்றுவிட்டார்.
"சூடாக்கிப் பாக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"
பின்வரிசையில் இருந்தவளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இத செய்யாமலே போன வருஷம் நாங்க ஒரு கட்டுரை போட்டுட்டோம்" என்றார் அவளிடம். "நாளைக்கு எங்க லேபுக்கு வர முடியுமா?"