மச்சான் தலையாட்டிய கதை

அன்புத் தம்பி ஹாமிதுக்கு, ஜெர்சி சிட்டியிலிருந்து அக்கா பர்வின். அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் இதைப் பேசவே பயம். வாசல் மணிக்கும் பயம். நேற்று மணி அடித்ததும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது நானே ஆர்டர் பண்ணிய சீரகச் சம்பா.

ஜூலை நாலாம் தேதி உங்கள் இங்கிலாந்து லெஸ்டரில், வாக்குச்சாவடி வாசலில், யாரோ கட்டிப்போட்ட நாய் பக்கத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாயே, அந்த ஸ்டேட்டஸ் போட்டோவைப் பார்த்துத்தான் "அழிடா, பிளேன் ஏத்திடுவான்" என்று கத்தினேன். நீயும் அழித்துவிட்டு, பொறுமையாகப் பாடம் எடுத்தாய். காமன்வெல்த் நாட்டுக்காரன் விசாவில் இருந்தாலும், பெயர் பதிந்திருந்தால் பார்லிமென்ட் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாமாம். நம் பாஸ்போர்ட்டே அடையாளத்துக்குப் போதுமாம். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, விரலில் மைகூடக் கிடையாதாம். அறுநூற்று ஐம்பது தொகுதி, பிரதமருக்கென்று தனி ஓட்டு இல்லை; தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி., பாதியைத் தாண்ட வேண்டியதே இல்லை என்றாய். "வேணாம்னவங்க அதிகம் இருந்தும் ஜெயிக்கலாமா? நம்ம கல்யாணம் மாதிரி" என்றார் உன் மச்சான். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

ஏன் கத்தினேன் என்று இப்போது சொல்கிறேன். மார்ச்சில் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனார். கவுண்டர் பெண் மடமடவென்று என்னென்னவோ கேட்க, இவர் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். அதில் ஒன்று, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, வாக்காளராகச் சேர்க்கட்டுமா என்பது. இரண்டு வாரத்தில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. ஓட்டுப் போடவில்லை, பெயரையும் எடுத்தாயிற்று. ஆனாலும் பதிவு நிற்குமாம். அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கிரீன் கார்டு இன்டர்வியூ. குடிமகன் என்று எங்காவது பொய்யாகச் சொன்னதுண்டா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும், அதனாலேயே நிராகரிக்கவும் செய்யலாம் என்கிறார் வக்கீல். நிராகரித்தால், இங்கே பிறந்த நம் பிள்ளை அஃப்ரீனை எந்த ஊருக்குக் கூட்டிப் போவது?

அவள்தான் தினமும் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகைக்கு இன்டர்வியூ ஆபீசர். நேற்று, "ஆர் யூ எ டெரரிஸ்ட்?" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனுஷன் தலையாட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கிச்சனுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இந்த பில்டிங்குக்கே செய்தி வாசிக்கிறவள் நான். பக்கத்து வீட்டு மஹ்பூபா விவாகரத்துக்கு யோசிப்பது அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். இதை மட்டும் அவளிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் நீயும் சொல்லாதே.

ஸ்டேட்டஸிலிருந்து அழித்த போட்டோவை எனக்கு மட்டும் திரும்ப அனுப்பு. உள்ளே போகுமுன் அவரிடம் காட்ட வேண்டும். நம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தன் பயமில்லாமல் நிற்பதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகையில் அவருக்காகத் துஆ செய். கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்லட்டும், தலை மட்டும் ஆடாமல் இருக்கட்டும். அல்லாஹ் உன்னை அந்த நாய் பக்கத்தில் நின்ற மாதிரியே எப்போதும் சிரிக்க வைக்கட்டும்.

உன் அக்கா,
பர்வின்