கீழே தள்ளினால் ஆன்

என் அருமை தேசு மச்சான்,

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். ஸ்ரீ சிட்டியில் வேலை, ரேணிகுண்டாவில் வீடு. பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வேகத்துக்காகத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாராம். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உன் காரில் நாம் மாட்டிய அதே பெட்டி. உள்ளங்கை அளவு, பக்கத்தில் திருகுகிற குமிழ், பின்னால் நாலு ஒயர்.

"லாஞ்ச் லிமிட்டர்ணா. புத்தூர்ல நீங்கதான் இத்த நல்லா ஒயரிங் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இடுப்பு வலி, காருக்கு அடியில் படுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இடுப்பு வலி பொய்யில்லை. இப்போதெல்லாம் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள்ளேயே அன்றைய பலம் தீர்ந்துவிடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. உனக்குத் தெரிந்த ஆள் இல்லை நான் இப்போது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தயக் கோட்டில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். அப்படியே கிளட்சை விட்டால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றிப் புகைவிடுமே தவிர கார் நகராது. அதற்குத்தான் இந்தப் பெட்டி. கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை, குமிழில் நாம் வைத்த வேகத்தைத் தாண்டி இன்ஜின் சுற்றாது. தாண்டினால் பெட்ரோலைப் பற்றவைக்கிற தீப்பொறியை வெட்டிவிடும். காலை எடுத்ததும் தடை நீங்கி கார் பாயும். வெட்டும்போது எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் வெடித்து டப் டப் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் என்றால் உனக்குக் கொள்ளை ஆசை.

நாம் அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு ஒயர் சாவிக்கு, கறுப்பு பாடிக்கு, மஞ்சள் காயிலுக்கு, பச்சை கிளட்ச் பெடலுக்கு மேலே வைத்த சின்ன ஸ்விட்சுக்கு. குமிழை நாலாயிரத்தில் வைத்தோம். பெடல் ஸ்விட்சை மட்டும் நாலு தடவை கழற்றி மாட்டவைத்தாய்.

"லேசா தொட்டாலே புடிக்கணும் மச்சான். கோட்டுல நிக்கும்போது எனக்கு கால் நடுங்குது."

"ரோட்ல போம்போதும் கிளட்ச் மேலயே கால வெச்சிகினு ஓட்டுறவன்டா நீ. அப்பவும் புடிச்சிகினா?"

"அதுக்கு ஏதாச்சும் பண்ணேன். நீதான பெரிய ஒயர்மேன்."

பண்ணினேன். பெட்டியை மொத்தமாக அணைத்துவைக்க, மேலும் கீழும் தள்ளுகிற ஒரு நெம்பு ஸ்விட்ச், டாஷ்போர்டுக்கு அடியில், கியர் பக்கத்தில். ரோட்டில் ஆஃப், பந்தயத்தில் ஆன். அது ஆனில் இருக்கும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும் என்றேன். கண் கூசும், வேண்டாம் என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

கார் வேலைக்கு முன்னால் பதினைந்து வருஷம் வீடுகளுக்கு ஒயரிங் செய்த கை இது. நம் ஊர் வீடுகளில் எந்த ஸ்விட்சும் கீழே தள்ளினால்தான் எரியும். யோசிக்கவே இல்லை, கை தன்னால் அப்படித்தான் மாட்டியது. மேலே இருந்தால் ஆஃப், கீழே தள்ளினால் ஆன். ஒரு நெம்பில் எதையாவது மாட்டினால், எதுவாவது பட்டால், அது கீழ்ப்பக்கம்தான் போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம். திருப்பி மாட்ட இரண்டு திருகாணி, அவ்வளவுதான்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, திருப்பதிக்கு ஏதோ பார்ட்ஸ் வாங்க நீ தனியாகக் கிளம்பினாய். வடமாலப்பேட்டை தாண்டி ஒரு டிப்பர் லாரியை முந்தப்போய், எதிரே பஸ் வர, ஒதுங்க இடமில்லாமல் சிறுபாலத்தின் சுவரில் போய் மோதினாய். ஆஸ்பத்திரிக்கு நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் கால் செருப்பு ஒன்றுதான் என் கையில் கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த லாரி டிரைவர் வந்திருந்தார். நல்ல மனிதர், கண் கலங்கியபடி தெலுங்கில் சொன்னார். நீ அவரைப் பாதி தாண்டிவிட்டாயாம். தடுமாற்றமே இல்லையாம். திடீரென்று டப் டப் என்று பட்டாசு வெடிக்கிற சத்தம், அப்புறம் கார் வேகம் எடுக்காமல் லாரிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டதாம். "டயர் பேலிந்தனுகுண்டா" என்றார். டயர் வெடித்திருக்கும் என்று சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்தச் சத்தம் எந்தச் சத்தம் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், உன் சாமான்களை எடுக்க வேண்டும் என்று கேட்டு, காரை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன். நாலு டயரும் முழுசாக இருந்தன. முன்பக்கம் அடையாளம் இல்லாமல் போயிருந்தது, கியர் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன்.

ஸ்விட்ச் கீழே இருந்தது. அதன் நெம்பில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கட்டித் தொங்கியது. உள்ளே சில்லறை. நம் வீடுகளில் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு முடிந்துவைக்கிற முடுப்பு. யார் கட்டியது என்று எனக்குத் தெரியாதா? புரட்டாசி சனிக்கிழமை தளிகை போட்டுவிட்டு என் தங்கச்சி ரேவதி முடிந்திருக்கிறாள். பூஜை அறையில் வைப்பதை, உன்கூடவே இருக்கட்டும் என்று காரில் கட்டியிருக்கிறாள். டாஷ்போர்டுக்குக் கீழே கட்டுவதற்கு வாகாக நீட்டிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அது என்ன ஸ்விட்ச் என்று அவளுக்கு நாம் எப்போதாவது சொன்னோமா?

நெம்பை மேலே தள்ளினேன். நின்றது. முடிச்சைப் பிடித்து, கயிறு இறுக்குகிற அளவுக்கு லேசாக இழுத்தேன். இறங்கிவிட்டது. பெட்டி ஆன், கிளட்ச்மேல் எப்போதும்போல் உன் கால். எத்தனை தடவை அப்படிச் செய்து பார்த்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் முடிச்சை அவிழ்த்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியையும் ஒயரோடு அறுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாரும் டயர் என்றுதான் நம்பினார்கள். ஆனால் ரேவதி உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், மச்சான். அழுகிற நேரத்தைவிடத் திட்டுகிற நேரம் அதிகம். "ரெண்டு பொண்ணுங்கள வெச்சிகினு இந்த மனுசனுக்கு லாரிய முந்தணுமா? அவருக்கு நாங்க முக்கியமில்ல, ஸ்பீடுதான் முக்கியம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சின்னவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். நீ சரியாகத்தான் ஓட்டினாய், ஒரு லாரியை முந்துகிற அளவுக்கு இடமும் இருந்தது, கார்தான் உன்னை ஏமாற்றியது. அதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

ஒரு மத்தியானம் போனேன். எனக்குச் சோறு போட்டாள். சாப்பிடாமலே சொன்னேன்.

"ரேவதி, டயரும் இல்ல, அவன் ஓட்டனதும் தப்பு இல்ல. நான் மாட்டின பொட்டிதான் இன்ஜின வெட்டிடிச்சி. ஒயர உள்ளயே தப்பா குடுத்துட்டேம்மா."

முடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஸ்விட்ச் என்று ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "துன்னுட்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பெரியவள் வயதுக்கு வந்ததற்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தாய்மாமன் இல்லாமல் தண்ணீர் ஊற்றினார்கள். சீர்வரிசைக்கு எடுத்த புடவையும் தட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது.

நான் சொன்னது முழுப் பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் கட்டியது கயிறு. கீழே தள்ளினால் ஆன் என்று மாட்டியவன் நான். விளக்கு வைக்காமல் விட்டவனும் நான். நீ என்ன சொல்வாய்?

இதை அவள் படித்துவிடுவாளே என்று நீ பதறாதே. அவளும் பெண்களும் இங்கே ஆந்திராவில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது தமிழ், ஒரு வரி படிக்கத் தெரியாது. நான் திருத்தணியில் மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் எனக்கு வந்த எழுத்து இது. இருந்தாலும் பெயர்களை மாற்றித்தான் அனுப்புகிறேன். உன்னையே வேறு பெயரால் கூப்பிட வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். சொல்லாமல் வைத்துக்கொண்டே இருக்கத் தெம்பில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் இறக்கிவைக்க வேண்டும்.

போன வாரம் அவளே கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"ஒன்னு கேக்கணும்ணா. கார்ல மஞ்ச துணில முடுப்பு கட்டி வெச்சிருந்தேன். நீ சாமான் எடுக்க போனப்ப அது இருந்துச்சா?"

எப்படியோ எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"இருந்துச்சிம்மா. பத்திரமா வெச்சிருக்கேன்."

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு தனியாவே போய்ட்டாரேன்னு தெனமும் நெனச்சிகினு இருந்தேன். நான் கட்டினது கடைசி வரைக்கும் அவரு கூடதான் இருந்துச்சில்ல? அது போதும்ணா எனக்கு."

"ஆமாம்மா, கூடதான் இருந்துச்சி" என்றேன்.

கிளம்பும்போது, சாமி காசு வீட்டில் இருக்கக் கூடாது, மலைக்குப் போய்ப் போட வேண்டும், துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுகிறோம், மச்சான். இந்த இடுப்போடு எப்படி ஏறப்போகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் ஏறிவிடுவேன். உண்டியலில் அவள் அதைப் போடும்போது பக்கத்தில் நிற்பேன். வழியில் எந்தப் படியில் உட்கார்ந்து அவள் கேட்டாலும், இன்னும் முப்பது வருஷம் கழித்துக் கேட்டாலும், ஒயரைத் தப்பாகக் கொடுத்தது நான்தான். அவளுடைய அந்தப் "போதும்" அவளிடமே இருக்கும். உனக்கு இது என் சத்தியம்.

ரேவதிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
முனிரத்தினம்