புதன்கிழமை மட்டும் மனு

ஜூன் 2, திங்கள்
காலை எட்டுக்கே பிசுபிசுவென்று வியர்வை. கிளைச் சிறை விரிவாக்கக் கோப்பு நிதித்துறையிலிருந்து மறுபடி திரும்பி வந்துவிட்டது. புதுப் பிளாக் கட்டச் சம்மதம், ஆள் போட மாட்டார்களாம். சார்புச் செயலாளர் போனில்: "இருக்கிற வார்டர்களை வச்சே ஓட்ட முடியாதா மேடம்?" நியாயம்தான். சுவர் ஒரு தடவைதான் காசு கேட்கும். வார்டர் ரிட்டையரான பிறகும் கேட்பான்.

இடமில்லாமல் கைதிகள் முறை வைத்துத் தூங்குகிறார்கள் என்று சிறைக் கண்காணிப்பாளர் புலம்பல். தூங்கவாவது செய்கிறார்கள். எனக்கு மாடி வீட்டு நாயால் அதுவும் இல்லை.

வாங்க வேண்டியது: பெருங்காயம், முட்டித் தைலம், பெயின்ட் ஷேட் கார்டு.

ஜூன் 3, செவ்வாய்
ஆழ்வார்பேட்டை சிக்னலில் பளிச்சென்று யோசனை. சொந்தக்காரர்கள் மனு போட்டுக் கைதியைப் பார்க்க வருகிறார்களே, அதற்கே பாதி வார்டர்கள் போய்விடுகிறார்கள். கூட்டிவர, சோதிக்க, பக்கத்தில் நிற்க. வரும் 11 முதல் வாரம் ஒரே நாள், புதன் காலை மட்டும் மனு. மிச்சமாகும் ஆட்கள் புதுப் பிளாக்குக்கு. புதிய பதவி ஒன்றுகூட வேண்டாம்.

உதவியாளர் பாஸ்கர் இழுத்தார். "வர்றவங்க எல்லாம் கூலி வேலை மேடம். புதன்கிழமைன்னா லீவு போடணுமே." அதனால்தான் புதன். ஞாயிறு வைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஜூன் 11, புதன்
வீட்டுக்குப் பெயின்டர்கள். வேலைக்கு வரும் செல்வி (இனி செ.) வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் ஏதோ அடிதடி வழக்கில் அதே கிளைச் சிறையில். "சனிக்கெழம சனிக்கெழம போய்ப் பாத்துக்கினு இருந்தேன் மா. இன்னிலேர்ந்து புதன்தானாம். எவன் போட்ட ரூல்ஸோ, அவன் வெளங்கவே மாட்டான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். லீவு இல்லை. பெயின்டர்களைத் தனியே விட்டால் வெள்ளி டம்ளருக்குக் கால் முளைக்கும்.

ஜூன் 18, புதன்
லேசான தூறல். ஹாலுக்கு இரண்டாவது கோட் பெயின்ட். மறுபடி செ.: "ஒரே ஒரு மணி நேரம் மா. நான் போகலன்னா அந்தாளு சரியா சோறே துன்ன மாட்டான்." அரசுக்கு மிச்சம் என்றேன். உள்ளே போனாள். கண்ணைத் துடைத்த கையாலேயே சப்பாத்தி மாவு பிசைந்தாள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

ஜூன் 20, வெள்ளி
கோப்புக்கு நிதித்துறை ஒப்புதல் வந்தது! "பிரமாதமான ஐடியா மேடம்," சார்புச் செயலாளர். வெகு நாளைக்குப் பிறகு மனம் நிறைந்த சந்தோஷம்.

புதுப் பிளாக்குக்காகப் பழைய ஷெட்டை இடிக்க வேண்டும். அதில் இருப்பவர்களில் கொஞ்சம் பேரை வெளியூர்ச் சிறைக்கு அனுப்பியாக வேண்டும். யாரை? குடும்பம் வந்து போகிறவனைத் தொட்டால் கோர்ட், வக்கீல், கூச்சல். ஆகவே எழுதிவிட்டேன்: மூன்று புதன் தொடர்ந்து மனு வராதவர்கள் முதலில். யாரும் தேடாதவன் எங்கே இருந்தால் என்ன?

ஜூன் 25, புதன்
பெயின்ட் முடிந்தது. செ.யை விட்டிருக்கலாம். ஆனால் தி.நகரில் திரைச்சீலை வாங்க வேண்டும், பை தூக்க ஆள் வேண்டும். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை, கதவோரம் நின்றாள். மூன்றாவது புதன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. பச்சையா, க்ரீமா என்ற குழப்பத்தில் போய்விட்டது.

க்ரீம்தான் எடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி
இடமாற்ற உத்தரவில் கையெழுத்து. பாஸ்கர் குரலைத் தாழ்த்தி: "மேடம், இதுல ஒருத்தரோட சம்சாரம் உங்க வீட்லதான வேலை செய்யுது? ஃபைல் குடுக்க வந்தப்போ அழுதுச்சு. இந்தப் பேரை மட்டும் எடுத்துடலாமா?"

எடுத்தால் காரணம் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது? திரைச்சீலை என்றா? போட்டுவிட்டேன். நாளை விடியற்காலை வண்டி. இங்கிருந்து பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் ஊர்.

சாயங்காலம் செ. காபி கொண்டுவந்து வைத்தாள். "அடுத்த புதனாவது வுடு மா. அந்தாளுக்குப் புதுசா லுங்கி வாங்கி வச்சிக்கீறேன்."

"தாராளமாப் போயிட்டு வா," என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். காபியில் சர்க்கரை கம்மி.