முதுகில் குறைந்த முக்கால் அங்குலம்

பூச்சி உருண்டை வாசனை வந்தால் நீ பக்கத்தில் எங்கேயோ இருக்கிறாய் என்று அர்த்தம். உன் தகரப் பெட்டியில், உன் புடவையில், நீ கொடுக்கும் நூல்கண்டில்கூட அந்த வாசனை இருக்கும். "பூச்சி மட்டும் இல்லடி, மனுஷனும் உன்னை அண்டமாட்டான்" என்று நான் கிண்டல் செய்தால் வாயில் குண்டூசி இருப்பதையும் மறந்து சிரிப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை அந்த வாசனை என் வீட்டுக்கு வந்தது. உன்னைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உன் மகள் ஒரு பெரிய காகிதக் கட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொன்னாங்க ஆன்ட்டி. இது உங்க கையிலதான் போவணுமாம். வேற யாருக்கும் குடுத்துடாதன்னு ரெண்டு தாட்டி சொன்னாங்க."

அவள் போகும்வரை நான் கட்டைத் தொடவில்லை. கீழே மலைக்குப் போகும் சாலையில் காவடிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. உங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி அந்தக் காலத்து மிஷன் தையல் பள்ளியில் உதவிக்கு இருந்தவள். துணியின்மேல் வைத்து வெட்டத் துரைசானி போட்ட வெட்டுக் காகிதங்கள் அவள் வழியாக உன் வீட்டுக்கு வந்தன. கழுத்தை மூடும் காலர் வைத்த ரவிக்கை, தோளில் புடைத்து முழங்கைக்குக் கீழே ஒட்டிப் பிடிக்கும் கை, மூன்று துண்டாக வெட்டி இடுப்பில் கூட்டித் தைக்கும் முதுகு. நம்முடைய இந்தக் காலத்து ஜாக்கெட் மாதிரி தோள் தையல் தோளின்மேல் வராது. இரண்டு விரல் பின்னால் இறங்கி வரும். முதல் முறை நீ அதைக் காட்டியபோது நான் தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நீ என் தலையில் டேப்பால் அடித்தாய்.

"காயிதத்த நம்புடி. கண்ண நம்பாத. அந்தக் காலத்து உடம்பு வேற, நிக்கிற நிலை வேற. உன் கண்ணு இந்தக் காலத்துக் கண்ணு."

நான் நம்பினேன். ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தவள் நான். துணியைத் தெரியும், வெட்டு தெரியாது. ஸ்டேஷன் ரோட்டில் உன் கடையில் இரண்டாவது மிஷின் போட்டு உட்கார்ந்த நாள் முதல் நீ வெட்டுவாய், நான் தைப்பேன். பள்ளிக்கூட நாடகங்களுக்கு, கல்யாண போட்டோக்களுக்கு, அரக்கோணத்து நாடகக் குழுவுக்கு என்று பழைய காலத்து உடுப்பு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நாம்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே சோற்று டப்பாவில் சாப்பிட்டோம். உனக்கு என் வத்தக்குழம்பு, எனக்கு உன் ஞாயிற்றுக்கிழமைக் கறி. இதையெல்லாம் எழுத எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

பிறகு உங்கள் சபையின் ஆண்டு விழா வந்தது. மிஷன் பள்ளியில் முதன்முதலாகப் படித்த பெண்களைப் பற்றிய நாடகம். ஒன்பது பெண்களுக்கு அந்தக் காலத்து ரவிக்கை வேண்டும் என்றார்கள். "இந்தத் தாட்டி நான் வெட்டுறேன்" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா நாடகம் பார்க்க வருவதாகப் பேச்சு இருந்தது. பழைய காலத்துக் கதைகளைப் படமாக எடுக்கிறவர்களுக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிறவர். ஊரோடு இருந்து வெட்டித்தர ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உன் முகம் மாறவில்லை. "ஆங், வெட்டேன்" என்றாய். மூலக் காகிதத்தை வெளியே தரமாட்டாய், அது உன் வழக்கம். புது பிரவுன் பேப்பரின்மேல் மூலத்தை வைத்து, பல்சக்கரத்தைக் கோட்டின்மேல் உருட்டி, புள்ளி புள்ளியாகக் கீழே விழுந்ததைப் பென்சிலால் இணைத்து மூலத்தில் இருந்த மூன்று அளவுக் கோடுகளுக்கும் எனக்கு நகல் கொடுத்தாய். நீயே உட்கார்ந்து உருட்டினாய். "உன் கை நடுங்கும்" என்றாய்.

துணி நைனா நெய்தது. மகள் முதன்முதலாக வெட்டப்போகிறாள் என்று என் அப்பா தறியில் வேறு வேலை ஏற்றாமல் எனக்காக மெல்லிசாக வெள்ளை நெய்து, மஞ்சள் பையில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார்.

அளவு பார்க்கும் நாளில் மூன்று பேர் முதுகு பிடிக்கிறது என்றார்கள். நான் உன்னிடம் ஓடி வந்தேன். உனக்கு நினைவிருக்கிறதா? நீ காஜா எடுத்துக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை.

"அந்தக் காலத்து ரவிக்கை பிடிக்கத்தான் பிடிக்கும். நீ தளத்துனா அது பஜார்ல விக்கிற ஜாக்கெட்டு ஆயிடும். காயிதத்த நம்புன்னு எத்தினி தாட்டி சொல்றது?"

என் கண் சரியாகத்தான் சொன்னது. நான் காகிதத்தை நம்பினேன்.

நாடகத்தின் கடைசியில் ஒன்பது பேரும் பாடிக்கொண்டே இரண்டு கைகளையும் மேலே உயர்த்தவேண்டும். உயர்த்தினார்கள். முதல் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்து கேட்டது. நான்கு பேருக்கு அக்குளுக்குப் பின்னால் முதுகு வாயைப் பிளந்தது. தையல் விடவில்லை. என் தையல் விடாது. தையலை ஒட்டி நைனாவின் துணி கிழிந்தது. முன்வரிசையில் சிரிப்பு வந்தது. ஒரு பெண் மேடையிலேயே அழுதுவிட்டாள். சென்னை அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன்.

நீ எனக்குக் காபி வாங்கிவந்தாய். முதுகைத் தடவினாய்.

"உட்டுத் தள்ளுடி. எல்லாருக்கும் வெட்டு வராது. உனக்குத் தையல் கீது, அது போதாதா?"

அந்த அம்மாவுக்கு அடுத்த மாதத்திலிருந்து நீ வெட்டினாய். நான் உன் கடையை விட்டு வந்தேன், சண்டை போட்டு அல்ல, வெட்கத்தால். பத்தொன்பது வருஷமாக வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன், ஓரம் மடிக்கிறேன். யாராவது "ஒரு ஜாக்கெட் வெட்டித் தாயேன்" என்றால், "எனக்கு வெட்டு வராதுங்க" என்று உன் வாக்கியத்தை உனக்குப் பதிலாக நானே சொல்லிவந்தேன். நீ கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவாய். நான் பொங்கல் கொடுத்தனுப்புவேன். ஊரில் நம்மைச் சிநேகிதிகள் என்றுதான் சொல்வார்கள்.

நைனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கிழிந்த ரவிக்கை ஒன்றை வாங்கி மடியில் வைத்து நூலை நூலாகப் பிரித்துப் பார்த்தார்.

"பாவு நூல் சொத்தையாப் போச்சும்மா. நான் பாத்திருக்கணும்."

"இல்ல நைனா, என் வெட்டுதான் தப்பு."

"நீ எனக்காகச் சொல்ற" என்றார். அதற்குப் பிறகு அவர் மெல்லிசு நெய்யவே இல்லை. சாகும்வரை தன் துணிதான் கிழிந்தது என்றே நம்பினார்.

இனி கட்டைப் பற்றிச் சொல்கிறேன். உன் மூலத்தைக் கட்டில்மேல் விரித்தேன். நீ கொடுத்த பழைய நகல்களை நான் பீரோவின் அடியில் வைத்திருந்தேன், தூக்கிப்போட மனம் வரவில்லை. எடுத்து மேலே வைத்தேன். முன்பக்கம் பொருந்தியது. கை பொருந்தியது. காலர் பொருந்தியது. முதுகை வைத்தேன். ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் குறைவு. மூன்று அளவிலும் அதே முக்கால்.

கை தவறி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பார், அப்போதும் உனக்காகப் பேசினேன். பிறகு மூலத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பல்சக்கரம் உருண்ட இடமெல்லாம் காகிதத்தில் ஊசித் துளை இருக்கும், அது நமக்குத் தெரிந்ததுதான். எல்லா இடத்திலும் துளைகள் கோட்டின்மேலேயே போகின்றன. முதுகில் மட்டும் கோட்டை விட்டு உள்ளே இறங்கி, அழகாக வளைந்து, மறுபடி கோட்டில் சேருகின்றன. நடுக்கமே இல்லை. என்ன கை உனக்கு!

இந்தத் துளையைப் படிக்க எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் என் கையில் போகவேண்டும் என்று இரண்டு முறை சொன்னாய். ஆஸ்பத்திரிக்கு நான் நான்கு நாள் வந்தேன். உனக்குக் கஞ்சி கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். வாய் இருந்தது உனக்கு, வேலைக்காரியின் சம்பளம் வரை பேசினாய். இதை மட்டும் காகிதத்திடம் சொல்லி அனுப்பினாய். நான் திட்ட வரும்போது நீ இருக்கக்கூடாது என்று கணக்காக இருந்திருக்கிறாய். கோழை நீ.

நேற்று உன் மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்கு நினைவு ஆராதனையாம். "நீங்கதான் அம்மாவுக்கு ரொம்பப் பழகினவங்க. ரெண்டு வார்த்தை பேசணும் ஆன்ட்டி." பேச வராது என்றேன், ஆனால் வருகிறேன் என்றேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளிடம் சொல்லவும் மாட்டேன்.

நைனா கொண்டுவந்ததில் இரண்டு கெஜம் மீதி இருந்தது. மஞ்சள் பையிலேயே, ஓரம் பழுத்துப்போய். இன்று காலை உன் மூலத்தை அதன்மேல் வைத்து என் அளவுக் கோட்டின்படியே வெட்டினேன். கத்தரியைத் தூக்கும்போது "எல்லாருக்கும் வெட்டு வராது" என்று உன் குரல் கேட்டது. இனி எப்போது தூக்கினாலும் கேட்கும், அதை நீ எனக்கு நன்றாகத் தைத்துவிட்டாய். கேட்டுக்கொண்டே வெட்டினேன். சாயங்காலம் கொக்கி வைத்து முடித்தேன். போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு விட முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வருவேன். அன்று மேடையில் நின்ற பெண்கள் எல்லாரும் வருவார்கள், இப்போது பிள்ளைகுட்டிகளோடு. நான் முன்வரிசையில் உட்காருவேன். இப்போது இருக்கும் போதகர் எல்லாரையும் கையை உயர்த்தி ஜெபிக்கச் சொல்கிறவராம். நான் உங்கள் சபைக்காரி இல்லைதான், ஆனால் எழுந்து நிற்பேன். அவர்கள் எல்லாரும் என் முதுகைப் பார்க்கும்படி இரண்டு கைகளையும் முழுசாக உயர்த்துவேன்.