பேஜாரு எங்கிருந்து வந்தது

மஸ்கட்

அன்புள்ள நைனாவுக்கு, செங்கொடியின் வணக்கம். உன் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நலம்.

நேற்று வார்டில் மருந்துத் தட்டைக் கைதவறிப் போட்டுவிட்டேன். "ஒரே பேஜாரா கீது" என்று முணுமுணுத்தேன். ஈரானிய நோயாளி பெஹ்ரூஸ் நிமிர்ந்தார்.

"பீஸாரா? சலிப்பு! அது எங்கள் பாரசீகச் சொல்" என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் பேசுவது அரபி இல்லையா?"

"எழுத்துதான் அரபியிலிருந்து வந்தது. எங்கள் மொழிக்குச் சொந்தம் இந்தியும் இங்கிலீஷும். பிரதரை நாங்கள் பராதர் என்போம்."

"தமிழ்?"

"அது வேறு குடும்பம். இந்தச் சொல் மட்டும் உங்களிடம் வந்து தங்கிவிட்டது."

நம் வியாசர்பாடிக்கு அதை யார் கொண்டுவந்தார்களோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவரோ, "எதில் சலிப்பு, மகளே?" என்றார். அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துக் காய்ச்சல் பார்த்தேன்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. நான் போன் செய்தால் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாதே, நைனா. அதுதான் எனக்குப் பேஜாரு. நீயும் பேசு, திட்டினாலும் சரி. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் செங்கொடி